ஆமீன் மட்டும் போதுமா? ரமலானில் தனித்துக் கேட்கும் துஆ

திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் பவர்டேபிள் டைலராக வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நோன்பு வைக்கிறேன். முடிந்த நாள்களில் தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகைக்குப் போகிறேன். தொழுகைக்குப் பின் ஹஜ்ரத் (இமாம்) கேட்கும் துஆவுக்கு (வேண்டுதலுக்கு) ஆமீன் சொல்கிறேன். இதற்கு மேலும் தனியாக உட்கார்ந்து துஆ கேட்க வேண்டும் என்று பயானில் (மார்க்க உரையில்) ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்? எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், பொருள் தெரியாது. ஆர்டர் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. எப்போது கேட்பது, என்ன கேட்பது?” சர்க்கரை நோயால் நோன்பு வைக்க முடியாமல் போன தம் அம்மா, இந்த மாதத்தில் தமக்குப் பங்கே இல்லையென்று வருந்துவதையும் அவர் சேர்த்து எழுதியிருக்கிறார்.

ஆமீன் சொல்வதும் துஆவில் சேர்ந்ததுதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹஜ்ரத் கேட்பது ஊருக்கான துஆ. மழை, நோய் நீக்கம், கடன் தீர்வு, மரித்தவர்களுக்கு மன்னிப்பு என்று எல்லோருக்கும் பொதுவானவற்றை அவர் கேட்கிறார். உங்கள் தங்கையின் வரன் எந்தக் கட்டத்தில் தடைப்பட்டு நிற்கிறது, சென்ற மாதம் நீங்கள் யாரிடம் கோபத்தில் என்ன சொல்லிவிட்டீர்கள், எந்தப் பாவத்தை விட நினைத்து விட முடியாமல் தவிக்கிறீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அந்தப் பகுதியை உங்களையன்றி வேறொருவர் கேட்க வழியில்லை. ரமலான் மாதம் அந்தப் பகுதிக்கென்றே விசேஷமாகத் திறந்திருக்கிறது என்பதற்குக் குர்ஆனின் அமைப்பே சான்று.

நோன்பைப் பற்றிய வசனங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரை வருகின்றன. நோன்பு கடமையாக்கப்பட்டது, நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை, குர்ஆன் அருளப்பட்ட மாதம் ரமலான், ஸஹர் (விடியலுக்கு முன் உண்ணும்) நேரம் முடிவது, நோன்பு இரவுகளில் கணவன் மனைவிக்கு அனுமதிக்கப்பட்டவை என்று சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. இந்தச் சட்டங்களுக்கு நடுவே, 186ஆம் வசனத்தில், நோன்பு என்ற சொல்லே இல்லாமல் வேறொரு செய்தி வருகிறது: என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால், நான் அருகில் இருக்கிறேன், அழைப்பவர் என்னை அழைக்கும்போது அவருடைய அழைப்புக்கு விடையளிக்கிறேன். அடுத்த வசனத்தில் மறுபடியும் நோன்பின் சட்டம் தொடர்கிறது. நோன்புக்கும் துஆவுக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டவே இவ்வசனம் இங்கே அமைந்திருக்கிறது என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இமாம் இப்னு கஸீரும் இதைச் சுட்டி, நோன்பு நாள்களை நிறைவுசெய்யும்போதும், ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும்போதும் துஆவில் முனைந்து ஈடுபடுவதற்கான தூண்டுதல் இதில் உண்டு என்கிறார்.

நோன்பின் தன்மையும் இதற்குப் பொருந்துகிறது. தொழுகையைப் பிறர் பார்க்கலாம். ஜகாத்தை வாங்கியவர் அறிவார். ஹஜ்ஜுக்குப் போனவரை ஊரே அறியும். நோன்போ, கதவை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வருபவரையும் குடிக்காமல் வருபவரையும் வேறுபடுத்திக் காட்டாத வணக்கம். “நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்” என்று அல்லாஹ் சொல்வதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. பகல் முழுவதும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் மட்டுமே நிற்கும் ஒரு வணக்கத்தைச் செய்துவிட்டு, அவனிடம் சொந்த வாயால் ஒரு வார்த்தையும் பேசாமல் மாதத்தை முடிப்பது பெரிய குறை. துஆவே வணக்கம் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) திர்மிதி, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. கேட்டது கிடைப்பதற்கு முன்பே, கேட்டதற்கான பலன் தொடங்கிவிடுகிறது என்பது அதன் கருத்து.

ரமலானில் கூட்டு வணக்கத்துக்கு இருக்கும் சிறப்பை இதனால் நான் மறுக்கவில்லை. தராவீஹின் இருபது ரக்அத்தும் (தொழுகைச் சுற்றும்) நின்று, குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிளின் ஓதலைக் கேட்பது பெரும் பாக்கியம். ஆனால் தராவீஹின் வரலாற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தனித்த வணக்கத்தின் இடமும் சேர்ந்தே தெரியும். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் பாயால் ஒரு சிறு தடுப்பு அமைத்துக்கொண்டு இரவில் தொழுதார்கள். தோழர்கள் அறிந்து பின்னால் வந்து நின்றார்கள். சில இரவுகளுக்குப் பின், கூட்டம் பெருகிய ஓர் இரவில் அவர்கள் வெளியே வரவில்லை. இது உங்கள்மீது கடமையாகிவிடுமோ என அஞ்சியதாகப் பின்னர் விளக்கிவிட்டு, கடமையான தொழுகை தவிர மற்றவற்றை ஒருவர் தம் வீட்டில் தொழுவதே சிறந்தது என்றார்கள். பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், சிதறிச் சிதறித் தொழுதுகொண்டிருந்த மக்களை உபை இப்னு கஅப் (ரலி) அவர்களின் பின்னால் ஒரே ஜமாஅத்தாக (கூட்டுத் தொழுகையாக)ச் சேர்த்தார்கள். அந்தக் காட்சியைப் பாராட்டிய அதே வாயால், இப்போது நின்று தொழுவதைவிட, இவர்கள் தூங்கிக் கழிக்கும் பிற்பகுதி இரவே மேலானது என்றும் சொன்னார்கள். ஜமாஅத்தை ஏற்படுத்தியவரே தனி வணக்கத்தின் நேரத்தைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். நம் ஊர்களில் முன்பாதி நன்றாக நிலைத்துவிட்டது. பின்பாதியைப் பலரும் விட்டுவிட்டோம்.

நோன்பு கடமையான முதல் ரமலானிலேயே இதற்கு மிகப் பெரிய முன்மாதிரி நிகழ்ந்தது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, ரமலான் 17 அன்று பத்ருப் போர். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், மக்காவிலிருந்து வந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை எதிர்கொள்ள வேண்டிய நிலை. அந்த இரவில் எல்லோரும் உறங்கிவிட, நபி (ஸல்) அவர்கள் மட்டும் ஒரு மரத்தடியில் விடியும்வரை தொழுதுகொண்டும் துஆ கேட்டுக்கொண்டும் இருந்ததாக அலீ (ரலி) அறிவிக்கிறார்கள். போர் நாளில் கைகளை நீட்டி இறைஞ்சியதில் தோளில் இருந்த மேலாடை நழுவி விழுந்தது. அபூபக்ர் (ரலி) அதை எடுத்துத் தோளில் போர்த்தி, பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டது போதும், உங்கள் இறைவன் வாக்களித்ததை நிறைவேற்றுவான் என்று தேற்றினார்கள். முஸ்லிம் தொகுப்பில் வரும் இந்தச் செய்தியில், வெற்றி வாக்களிக்கப்பட்டிருந்த நபியே இப்படிக் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அல்லாஹ்வுக்குத்தான் எல்லாம் தெரியுமே, கேட்பானேன் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழியை நான் அறியேன்.

இனி நேரம். நோன்பாளிக்கு மிக அருகில் இருக்கும் நேரம் நோன்பு திறப்பதற்கு முந்தைய சில நிமிடங்கள். மூவரின் துஆ மறுக்கப்படாது, அவர்களில் ஒருவர் நோன்பாளி என்ற அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. திறக்கும் வேளையில் நோன்பாளிக்கு மறுக்கப்படாத துஆ ஒன்று உண்டு என்று இப்னுமாஜாவில் வருவதன் அறிவிப்பாளர் தொடரைக் குறித்து ஹதீஸ் கலையினரிடையே பேச்சு இருந்தாலும், கருத்து ஒன்றையொன்று தாங்குகிறது. நடைமுறையில் அந்தச் சில நிமிடங்கள் நம்மிடம் என்ன ஆகின்றன? கோவை கோட்டைமேடானாலும் கரும்புக்கடையானாலும் ஈரோட்டின் பள்ளிவாசல்களானாலும் காட்சி ஒன்றுதான். நீளமாக விரிப்பு விரித்து, கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு சமோசாவும் போட்டுக்கொண்டே ஒருவர் நகர்கிறார். இந்தப் பக்கம் வடை வரவில்லை என்று ஒரு குரல்; சர்பத்துக்கு ஐஸ் போதவில்லை என்று இன்னொரு குரல்; கைப்பேசியில் பாங்கு நேரத்தைச் சரிபார்ப்பவர்கள் வேறு. பரிமாறுவது நன்மையான காரியம், அதைச் செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டவர்கள் பேச்சை நிறுத்தினால் அதுவே பாதி வெற்றி. கஞ்சிக் கோப்பை முன்னால் இருக்கும்போது, பசி உச்சத்தில் இருக்கும்போது, எடுக்கும் உரிமை இன்னும் வராத அந்த இடைவெளியில் மனிதனுக்குத் தன் இயலாமை தெரிவதுபோல் வேறெப்போதும் தெரிவதில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் தூக்குப்போசியோடு பள்ளிவாசலுக்கு வந்து கஞ்சி வாங்கிப் போய்விடுகிறார்கள். ஆனாலும் வடையும் பஜ்ஜியும் சுடச்சுட இருக்க வேண்டும் என்று ஆண்கள் எதிர்பார்ப்பதால், பாங்கு சொல்லும் வரை எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவர்கள் பெண்கள். அவர்களும் நோன்பாளிகள்தாம், அந்த நிமிடம் அவர்களுக்கும் உரியதுதான். பலகாரம் ஆறிப்போனாலும் பரவாயில்லை, ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று வீட்டு ஆண் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். இதை மார்க்கத் தீர்ப்பாக அல்ல, என் கருத்தாகவே சொல்கிறேன். ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன்.

திறந்த பின் ஓதுவதற்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த வாசகம் ஒன்று இப்னு உமர் (ரலி) வழியாக அபூதாவூதில் வருகிறது: தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலி உறுதியாயிற்று. பொருளைப் பார்த்தாலே அது தண்ணீர் குடித்த பின் சொல்ல வேண்டியது என்பது விளங்கும். கேட்பது முன்னால், நன்றி பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நேரம், இரவின் கடைசி மூன்றிலொரு பகுதி. ஒவ்வோர் இரவும் அந்நேரத்தில், என்னை அழைப்பவர் யார், அவருக்கு விடையளிக்கிறேன். என்னிடம் கேட்பவர் யார், அவருக்குக் கொடுக்கிறேன். மன்னிப்புக் கோருபவர் யார், அவரை மன்னிக்கிறேன் என்று இறைவன் கூறுவதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் எல்லோரும் கேட்டிருப்பது. கணக்கு எளிது. மார்ச் மாதத்தில் கோவை, திருப்பூர்ப் பகுதியில் மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) ஏறத்தாழ 6.30, ஃபஜ்ர் (விடியல் தொழுகை) நேரம் தொடங்குவது ஏறத்தாழ 5.20. இடையில் 10 மணி 50 நிமிடம். அதை மூன்றாகப் பகுத்தால் கடைசிப் பகுதி சுமார் 1.45க்குத் தொடங்குகிறது. மற்ற மாதங்களில் அந்நேரம் எழுவதற்குத் தனி வைராக்கியம் வேண்டும். ரமலானிலோ ஸஹருக்காக எப்படியும் எழுந்தே தீர வேண்டும். நாலரைக்கு வைக்கும் அலாரத்தை நாலேகாலுக்கு மாற்றினால் இரண்டு ரக்அத் தஹஜ்ஜுத் என்னும் பின்னிரவுத் தொழுகையும் அதன்பின் ஐந்து நிமிடமும் கைக்கு வந்துவிடும். ஸஹரில் பாவமன்னிப்புக் கோருபவர்களைக் குர்ஆன் இரண்டு இடங்களில், 3:17இலும் 51:18இலும் பாராட்டுகிறது. நாம் அந்நேரத்தில் விழித்திருந்தும் சாப்பாட்டையும் கைப்பேசியையும் மட்டும் பார்த்துவிட்டு நோன்பின் நிய்யத்தோடு (மன உறுதியோடு) முடித்துக்கொள்கிறோம்.

பாங்குக்கும், தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்துக்கும் இடைப்பட்ட நேரம், வெள்ளிக்கிழமை அஸர் முதல் மஃரிப் வரை, கடமையான தொழுகைகளின் பின் ஆகியவையும் துஆவுக்கு எதிர்பார்ப்புள்ள நேரங்களே. அஸருக்குப் பள்ளிக்குள் நுழையும்போது, இங்கிருக்கும் வரை இஃதிகாஃப் (வணக்கத்துக்காகப் பள்ளியில் தங்குவது) என்று நிய்யத் வைத்துக்கொண்டால், மஃரிப் வரை உட்காரும் அந்த நேரமே நஃபிலான (கடமையல்லாத, கூடுதல்) இஃதிகாஃபாக ஆகிவிடும். பத்து நாள் உட்கார முடியாத வேலைக்காரர்களுக்கு இது நல்ல வழி.

தம்பியின் நிலைக்கு வருகிறேன். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் இரவு எட்டரைக்குத்தான் எழுகிறார். மஃரிப் மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, கட்டிங் பகுதியின் ஓரத்தில் அட்டையை விரித்து மூன்று ரக்அத் தொழுதுவிட்டுத் திரும்பும் பல பேரை நானும் அறிவேன். துஆவுக்கு உளூவும் (அங்கசுத்தியும்) கிப்லாவும் (கஅபாவின் திசையும்) கை ஏந்துவதும் ஒழுக்கங்களே தவிர, அவை இல்லாவிட்டால் செல்லாது என்ற நிபந்தனைகள் அல்ல. நின்றும் அமர்ந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைப்பவர்களைக் குர்ஆன் 3:191இல் புகழ்கிறது. தையல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதடு அசையாமல் கேட்கலாம். கம்பெனி வேனில் திரும்பி வரும் நேரம் முழுவதும் உங்களுடையது.

மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆ ஒன்று வெளியூரில் பிழைக்க வந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியது. எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்தவர். வீடில்லை, வேலையில்லை, தெரிந்த முகமில்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, கூலி கேட்காமல் நிழலுக்குத் திரும்பி, இறைவா, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்றார்கள். இதைச் சொல்லும் 28:24 வசனத்தை அடுத்து, அப்பெண்களில் ஒருத்தி வந்து தம் தந்தை அழைப்பதாகச் சொல்கிறாள். எட்டு ஆண்டு வேலை ஒப்பந்தமும், மணமும், தங்குமிடமும் அங்கேயே அமைகின்றன. அவர் கேட்ட வாசகத்தில் வீடு, வேலை என்ற பட்டியல் இல்லை. தம் நிலையைச் சொன்னார். தருவதைத் தருபவனிடம் விட்டார்.

ஸகரிய்யா (அலை) அவர்களின் துஆ இன்னும் விரிவானது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். அவர் தம் இறைவனை மறைவாக அழைத்தார் என்றே 19ஆம் அத்தியாயம் அதைத் தொடங்குகிறது. என் எலும்புகள் தளர்ந்துவிட்டன, தலை நரைத்துப் பளபளக்கிறது என்று முதலில் தம் உடலின் நிலையைச் சொல்கிறார். பிறகு, உன்னை அழைத்து நான் ஒருபோதும் ஏமாந்ததில்லை என்று பழைய கொடைகளை நினைவுகூர்கிறார். அடுத்து, தமக்குப் பின் உறவினர்கள் என்ன செய்வார்களோ என்ற அச்சத்தை ஒளிக்காமல் வைக்கிறார். மனைவி பிள்ளைப்பேறற்றவர் என்ற தடையையும் சொல்கிறார். இவ்வளவுக்கும் பிறகே வாரிசைக் கேட்கிறார். இறைவனுக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லிவிடவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவருடைய தேவை அவருக்கே துலக்கமாகிறது. நீங்களும் இதே வரிசையில் உங்கள் சொந்த நிலையை வைத்துப் பேசலாம். முதலில் அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபியின்மீது ஸலவாத் (வாழ்த்து) சொல்லித் தொடங்க வேண்டும் என்பது ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் வழிகாட்டல்.

எந்த மொழியில் கேட்பது? தொழுகைக்கு வெளியே, தமிழில் கேளுங்கள். வீட்டில் உருது பேசுபவர் உருதுவில், மலையாளம் பேசுபவர் மலையாளத்தில் கேட்கலாம். தொழுகைக்குள் மட்டும், கொங்கு நாட்டு ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்), அரபியல்லாத மொழியில் துஆ கேட்பது வெறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில்) அதற்குரிய தஸ்பீஹை (துதியை) ஓதுங்கள். நஃபில் தொழுகையின் ஸஜ்தாவில் குர்ஆனிலும் ஹதீஸிலும் வந்த அரபி துஆக்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மனத்தில் இருக்கும் மற்றவற்றை ஸலாம் கொடுத்த பின் தாய்மொழியில் கொட்டிவிடுங்கள். முனாஜாத்து என்ற பெயரில் இறைவனிடம் முறையிடும் பாடல்களையே ஓர் இலக்கிய வகையாகத் தமிழில் வளர்த்தவர்கள் நம் முன்னோர்கள். தமிழில் கேட்டால் தரம் குறைந்துவிடும் என்ற கூச்சம் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆயினும் இரண்டு மூன்று அரபி துஆக்களைப் பொருளோடு கற்றுக்கொள்வது நல்லது. ரமலானின் கண்ணியமிக்க இரவான லைலத்துல் கத்ரை அடைந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது ஒற்றை வாக்கியம்தான்: அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ. யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புபவன், என்னை மன்னித்துவிடு.

கேட்பதில் தயக்கம் கூடாது. நீ நாடினால் மன்னித்துவிடு என்று சொல்லாதீர்கள், உறுதியோடு கேளுங்கள், அவனைக் கட்டாயப்படுத்துவோர் யாருமில்லை என்பது நபிமொழி. அதேபோல் கோபத்தில் பிள்ளையையோ தன்னையோ பொருளையோ சபித்துவிடுவதும் தடுக்கப்பட்டது. ஏற்கப்படும் நேரத்தோடு அது பொருந்திவிடலாம். கண்முன் இல்லாத சகோதரருக்காகக் கேட்டால், உனக்கும் அவ்வாறே என்று வானவர் சொல்வதாக முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே பக்கத்து மெஷின்காரரின் கடனும் உங்கள் துஆவில் இடம்பெறட்டும்.

ஒரு கண்டிப்பான நிபந்தனை இருக்கிறது. பயான்களில் இதைக் குறைவாகவே கேட்கிறோம். நெடுந்தூரம் பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்த நிலையில், வானத்தை நோக்கிக் கை ஏந்தி, இறைவா, இறைவா என்று கதறும் ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். துஆ ஏற்கப்படுவதற்கான அடையாளங்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன. ஆனால் அவர் உண்பது ஹராம், குடிப்பது ஹராம், உடுப்பது ஹராம். அவருக்கு எப்படி விடையளிக்கப்படும் என்று கேட்டார்கள். ஸஹரும் இஃப்தாரும் எந்தக் காசில் வந்தன என்ற கேள்வி துஆவுக்குள்ளேயே இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைத்தவரின் கணக்கைக் குறைத்து எழுதும் கான்ட்ராக்டரும், சனிக்கிழமைச் சம்பளத்தைக் காரணமின்றித் தள்ளிப்போடும் முதலாளியும், தறி ஓட்டியவரின் கூலியைப் பிடித்து வைப்பவரும், எடையில் குறைக்கும் வியாபாரியும், இருபத்தேழாம் இரவில் எவ்வளவு அழுதாலும் இந்த ஹதீஸைத் தாண்டிப் போக முடியாது. அநீதிக்குள்ளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்ற நபிமொழியையும் சேர்த்துப் பார்த்தால், அதே இரவில் கூலி கிடைக்காதவர் கேட்கும் துஆ எந்தப் பக்கம் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொய்யையும் பொய்யான நடத்தையையும் விடாதவர் உணவையும் தண்ணீரையும் விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று புகாரியில் வருவதும் இதையொட்டியதே.

சென்ற ரமலானில் கேட்டேன், நடக்கவில்லை என்பவர்களும் உண்டு. நான் கேட்டேன், ஏற்கப்படவில்லை என்று அவசரப்படாத வரை துஆ ஏற்கப்படும் என்பது ஹதீஸ். அபூசயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிப்பதன்படி, பாவத்தையோ உறவை முறிப்பதையோ கேட்காதவருக்கு மூன்றில் ஒன்று நிச்சயம்: கேட்டது விரைவில் கிடைக்கும், அல்லது மறுமைக்காகச் சேர்த்து வைக்கப்படும், அல்லது அதற்கு இணையான தீங்கு ஒன்று அவரிடமிருந்து அகற்றப்படும். மூன்றாவதை நாம் அறியவே முடியாது. வராமல் போன விபத்துக்கு யாரிடமும் கணக்கில்லை.

ரமலானின் கடைசிப் பத்து நாள்களில் நபி (ஸல்) அவர்கள் இடுப்பாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரவை விழித்துக் கழித்து, குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள். நம் ஊர்களில் அந்தப் பத்து இரவுகளில்தான் கோவை ஒப்பணக்கார வீதியிலும் திருப்பூர் காதர்பேட்டையிலும் துணி வாங்கும் கூட்டம் அலைமோதுகிறது. பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி வேண்டும்தான். அதை முதல் பத்திலேயே வாங்கிவிட எந்தத் தடையும் இல்லை. இருபத்தேழாம் இரவில் பயானும் திக்ரும் (இறைநினைவு ஓதுதலும்) நீண்ட கூட்டு துஆவும் நடக்கின்றன. அதில் கலந்துகொள்ளுங்கள், ஆனால் ஒலிபெருக்கி ஓய்ந்தபின் ஒரு மணி நேரமாவது யாருடனும் பேசாமல் ஓர் ஓரத்தில் இருங்கள். லைலத்துல் கத்ரைக் கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடுமாறு சொல்லப்பட்டிருப்பதால் 21, 23, 25, 29 ஆகிய இரவுகளையும் விட்டுவிட வேண்டாம். அவற்றில் பள்ளியில் கூட்டம் குறைவு. தனித்துக் கேட்க அதுவே வசதி.

உங்கள் அம்மாவைப் பற்றி. மீளும் வாய்ப்பில்லாத நோயால் நோன்பு வைக்க முடியாதவருக்கு ஃபித்யா (நோன்புக்கு ஈடாகக் கொடுக்கும் தானம்) உண்டு; ஹனஃபி மத்ஹபில் ஒரு நோன்புக்கு அரை ஸாஉ (ஒரு முகத்தல் அளவை) கோதுமை அல்லது அதன் விலை. ரூபாய்க் கணக்கை உங்கள் ஜமாஅத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரின் சொல்லை மீறி நோன்பு வைக்க அவரை யாரும் தூண்ட வேண்டாம். அந்தச் சலுகையும் அதே 184, 185ஆம் வசனங்களில் அல்லாஹ் கொடுத்ததுதான். தபூக் போருக்கான பயணத்தின்போது, மதீனாவில் தங்கிவிட்ட சிலர் நாம் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நம்மோடு இருந்தார்கள், தக்க காரணமே அவர்களைத் தடுத்துவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரவின் கடைசிப் பகுதிக்கு நோன்பு நிபந்தனை இல்லை. மாதவிடாயால் நோன்பும் தொழுகையும் இல்லாத நாள்களிலும் பெண்களுக்கு துஆவும் திக்ரும் ஸலவாத்தும் தடையின்றி உண்டு. ஸஹருக்கு உங்களை எழுப்ப அவர் எப்படியும் எழுகிறார். அடுப்பு வேலையை அந்நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டு அவரைத் தொழுகை விரிப்பில் உட்கார வையுங்கள். ஐயமின்றி ஏற்கப்படும் மூன்று துஆக்களில் ஒன்றாகப் பெற்றோர் பிள்ளைக்குக் கேட்பதையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். உங்களுக்கு என்னென்ன தேவையோ அதையெல்லாம் அவரிடம் விவரமாகச் சொல்லி, எனக்காகக் கேளுங்கள் அம்மா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.